வேர் விடாது

மார்ச் பதினான்காம் தேதி காலை, குடிமறப்பு மூலிகைக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் லாரி டிரைவர் வேர்க்கஷாயம் குடித்தார்.

“டாக்டர் மருந்து எதுவும் குடுக்கலையேம்மா?” என்று வைத்தியர், டிரைவரின் மனைவியிடம் மறுபடி கேட்டுக்கொண்டார்.

“இல்லீங்கய்யா.”

“சரி, இப்ப ஒரு மடக்கு சாராயம் குடிப்பா. வேர் உள்ளே விடாது.”

குடித்ததும் குமட்டி வாந்தியெடுத்தார்.

“மச்சான், இனி பாட்டிலைப் பாத்தாலே ஓடுவீங்க!” என்று மைத்துனன் சிரித்தான். கூட்டம் கைதட்டியது. டிரைவர் சுருண்டு விழுந்தார். மூச்சு நின்றிருந்தது.

மனைவி வைத்தியரின் காலைப் பிடித்துக் கதறினாள். “ஐயா, வேர்மேல முழு நம்பிக்கை வரல. குடிச்சா வாந்தி வர்ற டாக்டர் மாத்திரையைக் காபியில கலந்துட்டேன்!”

“அடிப்பாவி, புருஷனையே கொன்னுட்டியே!”

வைத்தியர் உள்ளே போய், கஷாயத்தில் கலக்கக் காலையில் தானும் அதே மாத்திரையைப் பொடித்த மருந்துக் கல்வத்தைக் கழுவி வைத்தார்.

போலீஸ் அவளை அழைத்துச் சென்றது. மறுநாளும் கூடம் திறந்திருந்தது.