சகாயமேரி முகம் போட்ட காசு

கடைசி மனிதக் கண்டக்டர் என்று சகாயமேரிக்கு விழா எடுத்து, பத்து ரூபாய்க் காசு வெளியிட்டார்கள். ஒரு பக்கம் அவள் முகம், மறுபக்கம் விசில்; சேவையின் சின்னமாம். பட்டுப்புடவைக்குப் பொருந்தாதென்று பணப்பையை வீட்டிலேயே விட்டுவந்தவள், கையில் கொடுத்த முதல் காசோடு நத்தம் பஸ்ஸில் ஏறினாள்.

டிக்கெட் இயந்திரம் காசைத் துப்பிவிட்டுப் பேசியது. "பத்து ரூவா காயினெல்லாம் செல்லாதும்மா. எறங்குங்க."

"அட, இது கவர்மெண்டு காசுய்யா. அதுல இருக்கறதே நான்தான்!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. எறங்குறீங்களா, வண்டிய நிப்பாட்டவா?"

குரல் அவளுடையதேதான். முப்பது வருஷம் அவள் பேசியதைக் கேட்டுத்தான் இயந்திரம் தொழில் கற்றிருந்தது. அந்தக் குரலிடம் வாதாடி ஜெயித்த பயணி ஒருவருமில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? இறங்கி, பழக்கத்தில் பஸ்ஸைத் தட்டி, "போலாம், ரைட்!" என்றாள்.