உம் கொட்டும் பிள்ளை

“ஷ்ஷ்... இந்தக் கதவுக்குப் பின்னாடிதான் மம்மீஸ், என் பையன் கதை கேட்டுக்கிட்டிருக்கான்!”

மிருதுளா கிசுகிசுத்தாள். வீட்டு ஹாலில் நிற்பதற்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எதிரே கணவன் சூர்யநாராயணன் மூச்சை அடக்கிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கோவிலம்பாக்கம் அடுக்ககத்தின் நான்காவது மாடியிலிருந்து, ‘அரையாண்டு லீவுக்கு அசத்தல் கிஃப்ட்’ என்று அவளுடைய சேனலில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

சும்மா இல்லை. கதை சொல்லும் ஆப் ஒன்றை நடத்துகிற கம்பெனிக்காரர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நன்றாக அமைந்துவிட்டால் இனி அவள்தான் அவர்களுடைய விளம்பர அம்மா. மேடவாக்கம் மெயின் ரோட்டில் அவளும் மகன் பிரணவும் சிரிக்கிற மாதிரி பெரிய பேனர் வைப்பதாகப் பேச்சு. பேனரில் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பது என்பதுவரை அவள் கண்ணாடி முன் நின்று பழகிவிட்டாள். பாவம், ஆசைப்பட்டுவிட்டாள்.

“இந்த ஆப் சும்மா வளவளன்னு சொல்லிக்கிட்டே போகாது. நடுநடுவுல நிறுத்தும். குழந்தை ‘உம்’ கொட்டினாத்தான் மேல சொல்லும். தூங்கறானா, கேக்கறானான்னு நாம எட்டிப் பார்க்கவே வேண்டாம். கேளுங்க!”

சூர்யநாராயணன் போனைக் கதவருகே நீட்டினான். உள்ளே தேன் குழைத்த ஒரு பெண்குரல், “உடனே அந்த யானை ஷேர் ஆட்டோவுல ஏறி உக்காந்துச்சாம்...” என்று நிறுத்தியது.

“உம்,” என்றது பிரணவின் குரல்.

“பாத்தீங்களா? காலையிலேர்ந்து இப்படித்தான். ஒரு சிணுங்கல் கிடையாது. பசிக்குதுன்னு ஒரு சத்தம் கிடையாது. போன லீவுல இவனைக் கட்டி மேய்க்கறதுக்குள்ள எனக்கு உசிரே போச்சு.”

“தாம்பரத்துலேர்ந்து லோகநாயகின்னு ஒருத்தங்க கமென்ட் போட்டிருக்காங்க மிரு,” என்றான் சூர்யநாராயணன். “அவங்க பையன் ரெண்டாவது ‘உம்’லயே தூங்கிடறானாம். நம்ம பையன் தெய்வப் பிறவியாம்.”

“எல்லாம் வளர்ப்புதாங்க,” என்று மிருதுளா தலையைத் தாழ்த்திக்கொண்டபோது அழைப்புமணி அடித்தது.

எதிர்வீட்டு அஜீசா. கையில் கரண்டியோடு நின்றாள்.

“மிருதுளா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமே...”

“வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. லைவ்ல இருக்கோம்!” மிருதுளா அவளைக் கையைப் பிடித்துக் கேமரா முன்னால் இழுத்துவந்தாள். “மம்மீஸ், இவங்க எங்க எதிர்வீட்டு அக்கா. சொல்லுங்கக்கா, உங்க பொண்ணு மெஹ்னாஸுக்கு லீவுக்கு என்ன கிஃப்ட் வாங்கினீங்க?”

“கதைப் புஸ்தகம்தான். ஒரு அட்டைப்பெட்டி நிறைய. நான் என்ன கேக்க வந்தேன்னா...”

“புஸ்தகமா? பேப்பர்லயா?” மிருதுளா கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தாள். “கரையான் அரிக்குமேக்கா! அதை அவ படிக்கறாளா?”

அஜீசா பொய் சொல்லிப் பழகாதவள். சற்று யோசித்தாள்.

“படிக்கறான்னு சொல்ல முடியாது. அடுக்கி வச்சு, அதான் ஸ்டம்ப்புன்னு ஹால்ல கிரிக்கெட் ஆடுதுங்க. ஆனா தடிப் புஸ்தகம் நல்லாத்தான் நிக்குது.”

சூர்யநாராயணன் குபுக்கென்று சிரித்தான். போன் குலுங்கியது. மனைவி பார்த்த பார்வையில் இரண்டும் நின்றன.

“இதான் மம்மீஸ் நான் சொல்றது! அங்க புஸ்தகம் ஸ்டம்ப்பு. இங்க பாருங்க, என் பையன்...” கதவைக் காட்டினாள்.

“...யானை இறங்கினதும் டிரைவர் என்ன கேட்டாராம்...”

“உம்.”

“அலுப்பு சலிப்பு இருக்கா பாருங்க, ஒரே சீரா!”

அஜீசா கதவையும் மிருதுளாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏம்மா, அது யாரு உள்ள?”

“என்னக்கா இது, பிரணவ் குரல் தெரியலையா உங்களுக்கு? காதுல ஏதாவது கோளாறா?”

“இருக்கும்போல,” என்றாள் அஜீசா மெதுவாக.

“மிரு, கம்பெனிலேர்ந்து கமென்ட்!” சூர்யநாராயணனின் குரல் உயர்ந்தது. “சூப்பர்னு போட்டிருக்காங்க. பையன் கதை கேக்கற முகத்தை ஒரே ஒரு தடவை காட்டச் சொல்றாங்க.”

மிருதுளாவுக்கு மேடவாக்கம் மெயின் ரோடே கண்முன் வந்து நின்றது.

“காட்டிடலாம்! சத்தம் போடாம கதவைத் திறங்க. அதுக்குள்ள அக்கா நம்ம மம்மீஸுக்கு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. சொல்லுங்கக்கா, இந்த ஆப் எப்படி?”

“ஆப்பைப் பத்தி எனக்கென்னம்மா தெரியும்? அடுப்புல வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்.” அஜீசா கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “இன்னிக்கு எங்க வீட்டுல நெய்ச்சோறும் தாளிச்சாவும். தாளிச்சால கறி போட்டிருக்கேன். நீங்க கறி சாப்பிட மாட்டீங்களே. பிரணவ் பசிக்குது பசிக்குதுங்கறான். அவனுக்கு வெறும் நெய்ச்சோறு மட்டும் வைக்கட்டுமான்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

“எந்த... எந்தப் பிரணவ்?”

“உன் பிரணவ்தான். காலையிலேர்ந்து அவன்தானே பேட்டிங்!”

அதற்குள் சூர்யநாராயணன் கதவைத் திறந்து போனை உள்ளே நீட்டிவிட்டிருந்தான். லைவில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்: கட்டிலில் ஆளில்லை, ஒரு தலையணையில் சாய்ந்தபடி டேப்லெட் கதை சொல்ல, எதிர்த் தலையணையில் சாய்ந்திருந்த சூர்யநாராயணனின் பழைய போன், பதிவாகியிருந்த பிரணவின் குரலில் “உம்” என்றது.