மூன்று புத்தகங்களின் சாட்சி

"மூணு புஸ்தகத்துல போட்டிருக்கான். ஏட்டி, மூணு பேரும் சேந்தா பொய் சொல்லுவான்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான் சுடலைராஜ்.

அவன் மனைவி மாரிசெல்வி குடையை எடுத்து நீட்டினாள். தான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்திலிருந்து அந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான்.

ஐப்பசி மழை நசநசவென்று பிடித்துக்கொண்டால் கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்குத் திண்டாட்டம்தான். மருந்தில் முக்கியெடுத்த குச்சி காயவே காயாது. சுடலைராஜ் ஃபோர்மேனாக இருக்கிற கம்பெனி முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, சூட்டுக்காற்று மெஷின் ஒன்றை வாங்கி இறக்கிவிட்டார். இன்று மதியம் முதல் ஓட்டம். அறுபது டிகிரி வரை மருந்து தீப்பிடிக்கும் பயமே இல்லை என்று மூன்று புத்தகமும் ஒரே குரலில் சொல்லின.

"எனக்கென்னமோ மனசு கெடந்து அடிச்சுக்கிடுதுங்க. அந்த ரூமுல அத்தன பொம்பளைங்க இருக்காவ. நீங்களும் அங்கனதான் நிப்பீங்க."

"ஏட்டி, முன்னயெல்லாம் எங்களுக்குக் கண்திட்டம்தான். எவனாவது நோட்டைத் தூக்கிட்டு வந்து கேட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவோம். இப்ப அப்படியா? படிச்சவன் அளந்துல்லா எழுதியிருக்கான்."

குடையை விரித்துக்கொண்டு அவன் போய்விட்டான். அவள் அந்தப் புத்தகங்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நூலகத்துக்கு வந்ததும் மூன்று புத்தகங்களையும் மேசையில் பரப்பி அடிக்குறிப்புகளைப் பார்த்தாள். முதல் புத்தகம் அந்த அளவை இரண்டாவதிலிருந்து எடுத்திருந்தது. இரண்டாவது, மூன்றாவதிலிருந்து. மூன்றாவதோ ஓர் ஆய்வேட்டைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆக, சாட்சி மூன்று பேர் இல்லை, ஒரே ஒரு ஆள். அந்த ஆய்வேட்டை எழுதியவர் இதே கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர் பூவனநாதன்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். மழையில் லைன் செத்துக் கிடந்தது. நானே அளந்து பார்த்தேன் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், உயிர் வந்துவிடும் என்று மாடிக்கு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் பூவனநாதனுக்கு வாயெல்லாம் பல். "மூணு புஸ்தகத்துலயா? பாத்தியாம்மா, டெல்லிக்காரன்கூட என்னைய மேற்கோள் காட்டியிருக்கான். எனக்குத் தலைவர் பதவி கெடச்சதே இதை வச்சுத்தான்."

"சார், அந்த அறுபது டிகிரி... நீங்களே சூடு பண்ணிப் பாத்தீங்களா?"

"இங்கன ஏதும்மா அதுக்கு வசதி? லேபுல தீப்பெட்டி மருந்தைச் சூடு பண்ண பிரின்சிபால் விடுவாரா?"

"உங்க ஆய்வைத் திருத்துனவிய யாரும் கேக்கலியா?"

"அவிய பக்கத்தை எண்ணிப் பாத்தாவ, மேற்கோள் வரிசையைப் பாத்தாவ. கையெழுத்தைப் போட்டுட்டு ரயிலுக்குக் கெளம்பிட்டாவ."

வெளியே மழை வலுத்தது. மாரிசெல்வி விடாமல் கேட்டாள். "அப்போ அந்த அளவு உங்களுக்கு எங்கன இருந்து கெடச்சுது சார்?"

"சும்மா எழுதுவேனாம்மா? நோட்டைத் தூக்கிட்டு தீப்பெட்டிக் கம்பெனி கம்பெனியா அலைஞ்சேன். எல்லாரும் முழிச்சாங்க. ஒரே ஒரு ஃபோர்மேன்தான் அறுபதுன்னு அடிச்சுச் சொன்னாரு."

பெயர் பிடிபடாமல் நெற்றியைத் தேய்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"சுடலைராஜ்."