மயில் தோகையில் நாற்பது கண்

மறுபடியும் சாக்ஸில் ஓட்டை. கணுக்கால் பக்கம், அதே இடத்தில். இந்த மாதத்தில் இது மூன்றாவது ஜோடி.

"அது ஷூவா, எலிப்பொறியா? மாத்திக் குடுக்கச் சொல்லுய்யா" என்று ஊசியில் நூலைக் கோத்தபடி சலித்துக்கொண்டாள் கிரேசி.

"கான்ட்ராக்ட் ஆளுக்கு வருசத்துக்கு ஒரு ஷூதான். பெர்மனன்ட் ஆவட்டும், கேட்டு வாங்கிக்கிறேன்" என்றான் யேசுராஜ். ஒரகடம் கம்பெனியில் ஆறு வருஷமாக லைனில் நிற்கிறவன். பெர்மனன்ட் லிஸ்ட் இந்த மாதக் கடைசியில் வருகிறது. அந்த ஒரு காகிதத்துக்காக கிரேசி புதன்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறாள்.

பக்கத்தில் மகன் ஃபிரடி மயில் செய்துகொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பு. ஸ்கூலில் வீணான பொருட்களை வைத்துப் பொம்மை செய்யும் போட்டி. கடையில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. உடம்புக்குத் தண்ணீர் பாட்டில், கழுத்துக்குப் பழைய ஒயர், தோகைக்கு நாற்பது இரும்பு வாஷர். ஒவ்வொரு வாஷரிலும் ஒரு சிவப்புப் பொட்டு, அசல் மயில்கண் மாதிரி.

"இத்தினி வாஷர் ஏதுடா?"

"அப்பா தெனம் ரெண்டு எடுத்தாந்தாரும்மா."

"காயலான் கடையில பொறுக்கினது" என்றான் யேசுராஜ். பிள்ளைக்காக மனுஷன் கடை கடையாக ஏறி இறங்குகிறானே என்று கிரேசிக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஸ்கூல் விழா அன்று யேசுராஜுக்குக் காலை ஷிப்ட். லிஸ்ட் வரும் நேரத்தில் லீவு போட முடியுமா? கிரேசிதான் போனாள். மேடையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் யேசுராஜ் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் ராஜசேகர். பையில் கம்பெனியின் பழைய கிளவுஸ் ஒரு ஜோடி இருந்ததற்காகப் பக்கத்து ரூம் பாபுவை வேலையைவிட்டு அனுப்பியவர். பெர்மனன்ட் லிஸ்ட்டில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"குப்பைன்னு எதுவுமே இல்ல பசங்களா. நாம தூக்கிப் போடுறது ஒவ்வொண்ணும் யாருக்காவது உபயோகப்படும்" என்று பேசினார் ராஜசேகர். கிரேசி கை வலிக்கத் தட்டினாள்.

முதல் பரிசு மயிலுக்குத்தான். விடுவாளா கிரேசி? மகன் பின்னாலேயே மேடையேறிவிட்டாள்.

"சார், இவங்கப்பா உங்க கம்பெனிதான். யேசுராஜுன்னு பேரு, ஆறு வருசமா கான்ட்ராக்ட்ல கீறாரு. லிஸ்ட்ல கொஞ்சம் பாத்து செய்ங்க சார்."

"அப்படியா!" என்று தோகையைத் தடவிப் பார்த்தார் ராஜசேகர். ஒரு வாஷரில் விரல் நின்றது. சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டினார். முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"கண்ணெல்லாம் நீ வரைஞ்சதா தம்பி?"

"இல்ல சார். அப்பா குடுக்கறப்பவே இருந்துச்சு."

"இருக்கும். ரிஜெக்ட் ஆன பீஸுக்கு நாங்க அடிக்கிற பெயின்ட் இது."

கிரேசி அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "காயலான் கடையில வாங்கினது சார்" என்றாள்.

"எங்க ஸ்கிராப் எந்தக் கடைக்கும் போகாதும்மா. நேரா உருக்கத்தான் போகும்."

அவர் குனிந்து பையனின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார். "கேட்ல தெனமும் எல்லாரோட பையையும் செக் பண்றோமே. அப்பா எப்படிக் கண்ணா கொண்டு வந்தாரு?"

கிரேசி கண்ணால் ஜாடை காட்டினாள். பிள்ளை பார்க்கவில்லை; பரிசுக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்பாவின் சாமர்த்தியத்தைப் பெருமையாகச் சொன்னான்.

"சாக்ஸுக்குள்ள வெச்சு சார்."