மாசிலாமணியின் கூட்டாளிகள்

விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த மாசிலாமணிக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஆளுக்கொரு வேஷம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் வெளிநாட்டு விளையாட்டுப் புத்தகங்களை வாங்கிக் குவித்தார். பாண்டிச்சேரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை, திண்டிவனத்துப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தன. கூட விளையாடத்தான் ஊரில் ஒருவரும் இல்லை.

"இன்னொண்ணு வந்துச்சுன்னா நான் ஒலக்கூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி செண்பகம்.

அந்தச் சனிக்கிழமையும் அவரால் அடக்க முடியவில்லை. ஒன்றை வாங்கிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பயத்தோடு வீடு திரும்பினார். உள்ளே செண்பகம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சட்டைக்குள்ள இன்னா, புதுசா? ஜல்தி எடுங்க. உங்க கூட்டாளிங்க மத்தியானத்துலேர்ந்து விளையாடிக்கினு இருக்காங்க. என்னையும் சேர்த்துக்கினாங்க."

பாயில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவளைச் சுற்றியிருந்த நான்கு டம்ளர்களிலும் டீ பாதி குறைந்திருந்தது. எதிரே பகடை தானாக எழும்பி, உருண்டு, நின்றது. செண்பகம் கைதட்டினாள்.

அவள் போகமாட்டாள் என்பதே மாசிலாமணிக்குப் போதுமாக இருந்தது. பெருமூச்சு விட்டபடி பாயில் உட்கார்ந்தார். யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.