திரைக்குப் பின்னால் ஏழாம் எண்

லைப்சிக் இசைக்குழுவின் ஆள் தேர்வு. திரைக்குப் பின்னால் ஏழாம் எண் போட்டியாளர் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசித்து முடித்தார்.

"ஒரு சுரம்கூடப் பிசகல!" என்றார் தேர்வுக் குழுத்தலைவர் ஃபோல்க்மார். "வாசிக்கும்போதே இடது கையால குழாயை இழுத்து இழுத்துச் சுருதி சேர்க்கணும். என்ன கைய்யா அது!"

"போன வருஷம் ஸ்வான்யான்னு ஒருத்தியைப் பார்த்ததுமே வாசலோட அனுப்பிட்டீங்க. அதான் இந்தத் தடவை திரை கட்டச் சொன்னேன்" என்றாள் உறுப்பினர் உல்ரிக்கே.

"அவளை விடும்மா. இந்தக் கைதான் நமக்கு வேணும்!"

எல்லோரும் ஆமோதித்தார்கள். திரை விலகியது.

அதே ஸ்வான்யா! டியூபா தாங்கியில் நின்றது. அவளுடைய வெற்று இடது சட்டைக்கை தோளோடு மடித்து ஊக்கு குத்தியிருந்தது. சுருதிக் குழாயிலிருந்து ஒரு சைக்கிள் பிரேக் கம்பி அவள் பாதத்தடியில் இருந்த மிதிக்கட்டைக்கு இறங்கியது.

"கையைப் பாராட்டினதுக்கு நன்றி சார்" என்றாள் ஸ்வான்யா. "ஆனா அது கால்."