அளக்காத சந்து

"இதுல சைக்கிளே இடிச்சிக்கினுதான் சார் போவும். மெஷினு எப்படிப் போவும்?"

டெம்போ டிரைவர் புகழேந்தி சந்தின் வாயில் நின்று கேட்டான். தெருவில் நின்ற டெம்போவின் மேல், சாக்கு சுற்றி நான்கு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கிய, இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷின் இருந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடை. விழுப்புரத்தில் மூடிவிட்ட பட்டறை ஒன்றில் ஜெகதீசன் வாங்கியது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஜெகதீசன் பேசிக்கொண்டே வந்திருந்தான். பிரேக்கை மெதுவாகப் போடு, மேல்பக்கம் கனம் அதிகம், சாய்ந்தால் நிமிர்த்த முடியாது. இப்போது சந்தின் வாயைப் பார்த்தபடி நின்றான்.

"அளந்து பாக்கலயா நீங்க?"

"மறந்துட்டேன்."

"என்னா சார். நூல் பிசகாம இரும்ப செதுக்குவேன்னு சொல்லிக்கினு வந்தீங்க."

சந்தின் கடைசியிலிருந்த வீட்டிலிருந்து ஜெகதீசனின் மனைவி பொன்னி வந்தாள். டெம்போவைப் பார்த்தாள். சந்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கம்பெனி வேலைய விட்டாச்சு. பின்னால ஷெட்டு போட்டாச்சு. ஆர்டரும் புடிச்சாச்சு. இத ரோட்டுல வெச்சி ஓட்டப் போறீங்களா?"

"பிரிச்சிக் கொண்டுபோவலாமே," என்றான் புகழேந்தி. "தலைய கழட்டி, டேபிள கழட்டி."

"கழட்டினாலும் அடிப்பாகம் போவாது. ஒரே வார்ப்பு. சந்த விட நாலு விரக்கட அகலம்."

"இது மட்டும் கரெக்டா தெரியுது."

சந்துக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்த பெரிய வீடு. அகலமான கேட். உள்ளே சிமெண்ட் போட்ட முற்றம். முற்றத்தின் கோடியில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெகதீசனின் ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது. புகழேந்தி அதைப் பார்த்துவிட்டான்.

"இந்த வீடு யாருது?"

"அவங்க அண்ணனுது," என்றாள் பொன்னி.

"அப்புறம் என்னா? அந்தச் சுவத்துல கொஞ்சம் எடுத்தா நேரா ஷெட்டுதான். கேளுங்க சார்."

"பேச்சு இல்ல," என்றாள் பொன்னி, மெதுவாக.

பாகம் பிரித்த வருஷம், மோட்டார் தண்ணீருக்காக ஒரு வார்த்தை அதிகமாகப் போய்விட்டது. அந்த வாரமே அண்ணன் ராஜாமணி சுவர் எழுப்பினார். அதற்குப் பிறகு பொங்கல் பானை சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"எனக்கு வேற லோடு இருக்குது சார். ஜல்தியா ஒரு முடிவு சொல்லுங்க. விழுப்புரத்துக்கே திருப்பிடட்டா?"

"அங்க பட்டறையே காலி."

ஜெகதீசன் கேட் அருகே போனான். கேட்டைத் தொடாமல் நின்றான்.

"அண்ணா."

ராஜாமணி வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை, டெம்போவைப் பார்த்தார்.

"என்னாது அது?"

"மில்லிங் மெஷினு."

"என் வாசல்ல எதுக்கு நிக்குது?"

"சந்துல போவல."

"வாங்கறதுக்கு முந்தி அளக்கறதில்ல?"

"மறந்துட்டேன்."

ராஜாமணி புகழேந்தியிடம் திரும்பினார். "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். டெய்லர்கிட்ட போயி சட்டைக்கு அளவு குடுடான்னா, என் அளவ குடுத்துட்டு வருவான்."

புகழேந்தி சிரிக்கலாமா என்று யோசித்தான்.

"சுவத்துல கொஞ்சம் எடுத்தா போயிடும்," என்றான் ஜெகதீசன், தரையைப் பார்த்தபடி. "நானே திரும்பக் கட்டிக் குடுத்துடறேன்."

"யாரு சுவரு அது?"

"உன்னுது."

"ம்."

அவர் உள்ளே போய்விட்டார். பொன்னி கண்ணை மூடிக்கொண்டாள். புகழேந்தி வண்டிச் சாவியை எடுத்தான்.

ராஜாமணி கடப்பாரையோடு திரும்பி வந்தார். கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். நேராகப் போய்ச் சுவரின் மேல் வரிசையில் முதல் குத்து குத்தினார்.

செங்கல் எடுத்து முடிப்பதற்குள், மெஷினை இறக்க ஜெகதீசன் சொல்லி வைத்திருந்த கிரேன் வந்துவிட்டது. மெஷினைத் தூக்கி முற்றத்தில் இறக்கியது. அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து, சுவர் இருந்த இடத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக உருட்டினார்கள். பின்னால் விடுபட்ட குழாயை எடுத்து முன்னால் வைப்பது ராஜாமணி.

"மெதுவா. வலப்பக்கம் சாயுது. கட்ட குடு, கட்ட குடு."

ஜெகதீசன் குனிந்து கட்டையைத் தள்ளினான்.

"கைய எடுடா. நசுங்கிடப் போவுது," என்றார் ராஜாமணி.

பாகம் பிரித்த நாளிலிருந்து அவன் காதில் விழாத 'டா'. கையை எடுத்துக்கொண்டான்.

வெயில் தாழ்வதற்குள் மெஷின் ஷெட்டுக்குள் நின்றது. கிரேன் போனது. புகழேந்தியும் போனான். பொன்னி டீ போட்டுக்கொண்டு வந்தாள். அதிகமாக ஒரு டம்ளர் இருந்தது. ராஜாமணி எடுத்துக்கொண்டார்.

ஜெகதீசன் உடையாத செங்கற்களைப் பொறுக்கி ஓரமாக அடுக்கத் தொடங்கினான்.

"நாளைக்குக் கொத்தனார வரச் சொல்றேண்ணா. பழையபடி எழுப்பிடலாம்."

"வேணாம். காலையில ஆசாரி வர்றாரு. எடுத்த இடத்துக்கு நிலையும் கதவும். போன வாரமே சொல்லிட்டேன்."

"போன வாரமா?"

ராஜாமணி டம்ளரைப் பொன்னியிடம் கொடுத்தார்.

"மாடியில துணி எடுத்துக்கினு இருந்தேன். நீ டேப்ப வெச்சி மொதல்ல சந்த அளந்த. அப்புறம் என் சுவத்தையும் அளந்தியே, அன்னிக்கி."